செங்கோட்டைக் கணவாய்: அருவி, பாலம், கோயில்

தென்காசியிலிருந்து மேற்கே புறப்பட்டு, செங்கோட்டை, புளியரை வழியாக மலையேறி, ஆரியங்காவு, கழுதுருட்டி, தென்மலை கடந்து புனலூரில் இறங்கினால் மொத்தத் தூரம் ஏறத்தாழ 60 கிலோமீட்டர். தென்காசியை ஒட்டியே குற்றாலத்தின் அருவிகளும், திருஞானசம்பந்தர் பாடிய குற்றாலநாதர் கோயிலும் இருக்கின்றன. மலைக்கு அந்தப் பக்கம் பாலருவி, ஆரியங்காவு சாஸ்தா கோயில், கழுதுருட்டியின் பதின்மூன்று கண் ரயில் பாலம், புனலூரின் சங்கிலித் தொங்குபாலம் என்று வரிசையாக வருகின்றன.

சுற்றுலாக் கையேடுகள் இவற்றைத் தனித்தனி இடங்களாகப் பட்டியலிடுகின்றன. அருவி இயற்கை, கோயில் பக்தி, பாலம் பொறியியல் என்று பிரித்துவிடுகிறோம். ஆனால் இத்தனையும் ஏன் இந்த ஒரு மலைத்துண்டில் வந்து கூடின என்று கேட்டால், மூன்றுக்கும் விடை ஒன்றுதான்: கணவாய். மேற்குத் தொடர்ச்சி மலையில் இங்கே ஒரு திறப்பு இருக்கிறது. அதன் வழியே காற்று வந்தது, அருவி விழுந்தது. அதே வழியே வணிகர் போனார்கள், பாலம் எழுந்தது. அடியார்கள் நடந்தார்கள், கோயில்கள் இரு பக்கத்து மக்களுக்கும் பொதுவாயின. இந்த ஒற்றுமையைப் புரிந்துகொள்ளாமல் இவற்றில் எந்த ஒன்றையும் தனியே காப்பாற்றிவிட முடியாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

மலையில் ஒரு திறப்பு

தபதி ஆற்றுக்குத் தெற்கே தொடங்கிக் கன்னியாகுமரி வரை ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர் நீளும் மேற்குத் தொடர்ச்சி மலையில் பெரிய இடைவெளிகள் மிகச் சில. அவற்றில் மிக அகலமானது பாலக்காட்டுக் கணவாய். அதற்குத் தெற்கே குறிப்பிடத்தக்கது செங்கோட்டைக் கணவாய். ஆரியங்காவுக் கணவாய் என்றும் இதைச் சொல்வார்கள். வடக்கே பெரியாறு மலைகள், தெற்கே 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியமலையைத் தலைமையாகக் கொண்ட மலைத்தொகுதி. இரண்டுக்கும் நடுவே மலை தாழ்ந்து வழிவிடுகிறது. பூமியின் மிகப் பழைய பாறைகளினூடே செல்லும் அச்சன்கோவில் பிளவு மண்டலம் என்று நிலவியலாளர்கள் குறிப்பிடும் பகுதி இதையொட்டியே இருக்கிறது.

தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலிலிருந்து வரும்போது மலை அதைத் தடுத்து, ஈரத்தையெல்லாம் கேரளப் பக்கமே பிழிந்துவிடுகிறது. அதனால்தான் ஜூன், ஜூலை மாதங்களில் தமிழகத்தின் பெரும்பகுதி காய்ந்து கிடக்கிறது. செங்கோட்டையிலோ அந்தக் காற்றில் ஒரு பங்கு திறப்பு வழியே நுழைந்து வருகிறது. கொட்டித் தீர்க்கும் மழையாக இல்லாமல், வெயிலும் தூறலும் மாறி மாறி வரும் சாரலாக அது தென்காசி வட்டாரத்தில் இறங்குகிறது. குற்றாலத்தின் ‘சீசன்’ என்பது இந்தச் சாரல்தான். அருவியில் தண்ணீர் விழுவது மட்டும் சீசன் ஆகாது. காற்றும் குளிர்ந்து, தூறலும் போட வேண்டும். உள்ளூர்க்காரர்கள் மேற்கே மலைமுகட்டில் மேகம் படிவதைப் பார்த்தே சீசன் எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுவார்கள்.

காற்றுக்கு வழியான இந்தத் திறப்பு, உயர்ந்த மலைகளில் மட்டுமே வாழும் உயிர்களுக்குத் தடை. சோலைக்காட்டுக் குளிரில் வாழும் பறவை தாழ்ந்த, வெப்பமான நிலத்தைக் கடந்து மறுபக்கம் போவதில்லை. நெடுங்காலப் பிரிவில் இரு பக்கத்து இனங்களும் வேறுபட்டுவிட்டன. கணவாய்க்குத் தெற்கே மட்டும் வாழும் அசம்புச் சிரிப்பான் என்ற பறவை இதற்கு நல்ல சான்று. அதே தெற்குப் பக்கத்து அசம்பு மலைகளில் வாழும் சோலைக்கிளிப் பறவை வகை ஒன்று தனி இனம் என்று 2017-ல்தான் அறிவியல் உலகுக்கு அறிமுகமானது. யானைகளின் கதை வேறு. அவை தாழ்நிலத்தைக் கடக்கக் கூடியவை. பெரியாறு காடுகளுக்கும் அகத்தியமலைக் காடுகளுக்கும் இடையே அவை போய்வர இருந்த வழியைச் சாலையும் ரயில் பாதையும் தோட்டங்களும் நெருக்கிவிட்டன.

தண்ணீரும் இங்கே இரண்டாகப் பிரிகிறது. கிழக்கே விழும் மழை சிற்றாறாகி, தென்காசி வட்டாரத்தின் அணைக்கட்டுகளையும் குளங்களையும் நிரப்பி, சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலந்து மன்னார் வளைகுடாவுக்குப் போகிறது. மேற்கே விழும் மழை குளத்துப்புழை, செந்துருணி, கழுதுருட்டி ஆறுகளாக ஓடி, கல்லடையாறாகச் சேர்ந்து, புனலூரைத் தாண்டி அஷ்டமுடிக் காயலில் முடிகிறது. ஒரே மலையின் நீர் இரு கடல்களுக்குப் போகும் இடம் இது.

அருவிகளின் இயல்பு

குற்றாலத்தில் பேரருவி, சிற்றருவி, ஐந்தருவி, புலியருவி, பழைய குற்றாலம், பழத்தோட்ட அருவி ஆகியவை அடிவாரத்தில் இருக்கின்றன. செண்பகாதேவி அருவியும் தேனருவியும் மேலே காட்டுக்குள் இருக்கின்றன. இந்தியாவில் இவற்றைவிட உயரமான அருவிகள் பல உண்டு. குற்றாலத்தின் தனித்தன்மை உயரத்தில் இல்லை. இங்கே மனிதன் அருவிக்குள் நின்று தலையில் தண்ணீரை வாங்கிக்கொள்ள முடிகிறது. குழந்தைகளும் முதியவர்களும் அருவியடியில் நிற்கக்கூடிய இடங்கள் அரிது.

இதற்குக் காரணம் பேரருவியின் பாறை அமைப்பு. மேலிருந்து விழும் சிற்றாறு நேரே தரைக்கு வருவதில்லை. பாதி உயரத்தில் பாறை குடைந்து ஆழமான ஒரு பள்ளம் இருக்கிறது. பொங்குமாங்கடல் என்பது அதன் பெயர். விழும் நீர் முதலில் அந்தப் பள்ளத்தில் இறங்கிச் சுழன்று, நுரைத்து, நிரம்பி வழிகிறது. வழியும்போது பாறை முகம் முழுவதும் அகலமாகப் பரவிவிடுவதால் வேகம் தணிகிறது. கீழே நிற்பவர் தலையில் விழுவது இப்படி ஒருமுறை ஆற்றுப்படுத்தப்பட்ட நீர். பேரருவிப் பாறையில் சிவலிங்கங்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. தண்ணீர் குறைந்த நாட்களில் அவை வெளியே தெரியும். சீசனில் அருவியே அவற்றுக்கு அபிஷேகம் செய்யும். அருவியும் கோயிலும் இங்கே வேறுவேறாக இருந்ததில்லை என்பதற்கு இந்தப் பாறையே சாட்சி.

இந்த அருவிகளுக்குப் பெரிய அணையோ ஏரியோ பின்புலமாக இல்லை என்பதைப் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. மேலே இருக்கும் காடுதான் இவற்றின் நீர்த்தேக்கம். சருகு மூடிய மண்ணும் வேரும் மழையைக் குடித்து வைத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக விடுகின்றன. சாரல் நின்று சில நாட்கள் ஆன பிறகும் அருவியில் தண்ணீர் இருப்பது அதனால்தான். காடு மெலிந்தால் இரண்டும் நடக்கும்: மழை நாளில் வெள்ளம் பாய்ந்து வரும், மழை ஓய்ந்ததும் அருவி நின்றுவிடும்.

வடகிழக்குப் பருவமழையும் கோடைமழையும் சாரலைப் போல மென்மையானவை அல்ல. அடிவாரத்தில் வெயில் அடிக்கும்போதே மேலே மேகம் கொட்டியிருக்கும். பேரருவியில் ‘ஆர்ச்’ என்று சொல்லப்படும் பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் விழுந்தால் குளிக்கத் தடை விதிக்கிறார்கள். நீர் செம்மண் நிறத்தில் வந்தாலே பழகியவர்கள் ஒதுங்கிவிடுவார்கள். 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீரென்று வந்த வெள்ளம் 17 வயதுச் சிறுவன் ஒருவனின் உயிரைப் பறித்தது. சீசன் தொடங்கும் முன்பே, கோடைமழையில் நடந்த துயரம் அது. அருவியின் அடிவாரத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பது போதாது, மேலே என்ன நடக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும் என்பதை அந்த இழப்பு சொல்லிவிட்டுப் போனது.

மலைக்கு மேற்கே ஆரியங்காவுக்கு அருகில் விழும் பாலருவி ஏறத்தாழ 300 அடி உயரமுள்ளது. அதுவும் இதே மழையின் பிள்ளைதான். அங்கே பார்வையாளர்களை ஒழுங்குபடுத்துவது கேரள வனத்துறை. அருவியைச் சுற்றிக் கடைத்தெரு வளரவில்லை. பேரருவி வாசல்வரை கடைகள் நிற்கும் குற்றாலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கத்தக்க வேறுபாடு இது.

அருவிக்கரைக் கோயில்

குற்றாலநாதர் கோயில் பேரருவிக்கு மிக அருகில், சங்கு வடிவ அமைப்பில் கட்டப்பட்டிருக்கிறது. ஏழாம் நூற்றாண்டில் சம்பந்தர் இத்தலத்தைப் பாடினார். இங்குள்ள தலமரமான குறும்பலாவின் பெயரிலும் அவருடைய தனிப் பதிகம் ஒன்று இருக்கிறது. பாடல்பெற்ற தலங்களில் மரத்துக்கு இவ்வளவு பெரிய இடம் கிடைத்தது அரிது. அம்மன் பெயர் குழல்வாய்மொழி. வைணவக் கோயிலாக இருந்ததை அகத்தியர் சிவத்தலமாக மாற்றினார் என்பது தலபுராணம். திருமாலின் தலைமேல் அவர் கைவைத்து அழுத்திக் குறுக்கியதால் இறைவனுக்குத் தலைவலி வந்தது என்றும், அது தீர மூலிகைத் தைலம் சாத்தப்படுகிறது என்றும் சொல்வார்கள்.

இங்கே படைக்கப்படும் நைவேத்தியங்களில் ஒன்று கஷாயம். சுக்கு, மிளகு முதலான சரக்குகளைப் போட்டுக் காய்ச்சி இறைவனுக்குப் படைக்கிறார்கள். அருவிக்கரையில், ஆண்டில் பல மாதம் ஈரக்காற்றில் இருக்கும் ஈசனுக்குச் சளி பிடித்துவிடக் கூடாதே என்ற அக்கறை! வீட்டில் சாரல் நாளில் பிள்ளைக்குச் செய்வதைக் கோயிலில் சாமிக்குச் செய்கிறார்கள். இந்த ஊரின் தட்பவெப்பம் வழிபாட்டுக்குள்ளேயே புகுந்துவிட்டது. மிளகும் சுக்கும் இந்த மலைப்பக்கத்துச் சரக்குகள் என்பதையும் சேர்த்து நினைத்தால், காடும் அருவியும் கோயிலும் ஒரே பாத்திரத்தில் கொதிப்பது தெரியும்.

கோயிலிலிருந்து சற்றுத் தள்ளி, குளத்தோடு கூடிய சித்திர சபை இருக்கிறது. நடராசர் ஆடும் ஐந்து சபைகளில் சிதம்பரம் பொன், மதுரை வெள்ளி, திருநெல்வேலி தாமிரம், திருவாலங்காடு ரத்தினம். குற்றாலத்தில் சபை சித்திரத்தால் ஆனது. மற்ற சபைகளில் சிலைக்கு நடக்கும் வழிபாடு இங்கே சுவரில் எழுதிய ஓவியத்துக்கு நடக்கிறது. சுற்றுச் சுவர்கள் முழுவதும் புராணக் காட்சிகள். மார்கழித் திருவாதிரையில் இங்கே கூட்டம் நிறைகிறது. சித்திரை விசுவும் ஐப்பசி விசுவும் குற்றாலநாதர் கோயிலின் முக்கியத் திருவிழாக்கள். கல்லைப் போலச் சுவர் ஓவியம் காலத்தைத் தாங்காது. ஈரம் சுவரில் ஏறினால் உப்புப் பூக்கும், சுண்ணப்பூச்சு உரியும், பாசி படரும். சாரலின் ஈரம் நிறைந்த ஒரு வட்டாரத்தில், ஈரத்துக்கு மிக எளிதில் ஆட்படும் கலைவடிவத்தை நம் முன்னோர் இறைவனாக வைத்து வணங்கினார்கள். அதைத் தலைமுறைதோறும் பராமரிக்க வேண்டும் என்ற கடமையையும் சேர்த்துத்தான் நமக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

பதினெட்டாம் நூற்றாண்டில் அருகிலுள்ள மேலகரத்தைச் சேர்ந்த திரிகூடராசப்பக் கவிராயர் இந்தக் கோயிலையும் மலையையும் வைத்துத் திருக்குற்றாலக் குறவஞ்சியைப் பாடினார். குற்றாலநாதர்மீது காதல்கொண்ட வசந்தவல்லிக்குக் குறிசொல்ல வரும் குறத்தி, தன் மலையின் வளத்தை வாய் ஓயாமல் சொல்கிறாள். மதுரை நாயக்க மன்னர் முத்து விஜயரங்க சொக்கநாதர் இதற்காகக் கவிராயருக்கு நிலம் வழங்கினார். குறவஞ்சிமேடு என்று அது பெயர் பெற்றது. தமிழ்ச் சிற்றிலக்கியங்களில் ஒரு மலைத்தலத்தை மக்கள் மனத்தில் இந்த அளவுக்கு நிலைநிறுத்திய நூல் வேறில்லை என்றே சொல்வேன். இருபதாம் நூற்றாண்டில் ரசிகமணி டி.கே.சி. தம் பிற்கால வாழ்வைக் குற்றாலத்தில் கழித்தார். ராஜாஜியும் கல்கியும் அவரைத் தேடி இங்கே வந்தார்கள். இலக்கியம் பேச அருவிக்கரையைத் தேடிய மரபு அது.

கணவாய் கடந்த வழியும் பாலங்களும்

மலையின் இரு பக்கமும் விளைவது வேறுவேறு. கிழக்கே நெல்லும் பருத்தியும் நெசவும் கால்நடையும். மேற்கே மிளகு, இஞ்சி, பாக்கு, தேங்காய். ஒருவருக்கு இல்லாதது மற்றவரிடம் இருந்ததால், மாட்டு வண்டிகளும் தலைச்சுமைக்காரர்களும் காலங்காலமாக இந்த வழியில் போய்வந்தார்கள். இந்தச் சரக்கு வளம் வெள்ளைக்காரர்களின் கண்ணிலும் பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குற்றாலத்தில் ஜாதிக்காய், கிராம்பு போன்றவற்றைக் கிழக்கிந்தியக் கம்பெனியார் பயிரிட்டுப் பார்த்தார்கள். இன்றும் சீசனில் குற்றாலக் கடைகளில் மங்குஸ்தான் குவிந்து கிடக்கிறது. மலைக்கு மறுபக்கம் குளத்துப்புழைக் காட்டுச் சதுப்புகளில் காட்டு ஜாதிக்காய் மரங்கள் தாமாகவே வளர்ந்து நிற்கின்றன.

இந்த வழியின் பெரிய இடையூறு புனலூரில் கல்லடையாறு. மழைக்காலத்தில் ஆறு பெருகினால் போக்குவரத்து நின்றுவிடும். திருவிதாங்கூர் மன்னர் ஆயில்யம் திருநாள் காலத்தில், ஆல்பர்ட் ஹென்றி என்ற ஆங்கிலேயப் பொறியாளரின் திட்டத்தில் 1877-ல் அங்கே தொங்குபாலம் எழுந்தது. 1880-ல் அது போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டது. நீளம் ஏறத்தாழ 400 அடி. ஆற்று நடுவில் தூண் இல்லை. இரு கரையிலும் உயர்ந்த கல் வளைவுகள், அவற்றின்மேல் ஏறி இறங்கும் கனத்த இரும்புச் சங்கிலிகள், அந்தச் சங்கிலிகளின் முனைகளைப் பூமிக்குள் இறுக்கிப் பிடிக்கும் கிணறு போன்ற குழிகள், கீழே நடக்கவும் வண்டி ஓட்டவும் தம்பக மரப் பலகைகள். வெள்ளத்தில் மரமும் பாறையும் அடித்துவரும் ஆற்றில் நடுத்தூண் வைத்தால் அது எப்போதும் அடிவாங்கிக்கொண்டே இருக்கும். ஆற்றைத் தொடாமல் தாண்டிவிடுவது என்ற முடிவு இந்த மலையாற்றின் குணத்தை அறிந்து எடுத்த முடிவு. பலகை ஆடுவதால் காட்டுவிலங்குகள் பாலத்தில் ஏற அஞ்சும் என்றும் ஊரார் சொல்வார்கள். பக்கத்திலேயே கான்கிரீட் பாலம் வந்தபின் இது ஓய்வு பெற்றது. இன்று கேரளத் தொல்லியல் துறையின் பாதுகாக்கப்பட்ட சின்னம்.

அடுத்து வந்தது ரயில். 1904-ல், மூலம் திருநாள் மன்னர் ஆட்சியில், கொல்லத்திலிருந்து புனலூர் வரையும், பின்னர் புனலூரிலிருந்து கணவாய் கடந்து செங்கோட்டை வரையும் மீட்டர் கேஜ் பாதை திறக்கப்பட்டது. திருநெல்வேலியிலிருந்து செங்கோட்டை வரை பாதை அதற்கு முந்தைய ஆண்டே வந்துவிட்டது. கொல்லத்திலிருந்து பாதை திருவனந்தபுரத்துக்கு 1918-ல் நீண்டது. வடக்கே எர்ணாகுளத்தோடு கொல்லம் இணைந்தது 1958-ல்தான். அதாவது அரை நூற்றாண்டுக்கு மேல், கொல்லத்துக்கு இந்தியாவின் மற்றப் பகுதிகளோடு இருந்த ரயில் தொடர்பு இந்தக் கணவாய் ஒன்றுதான். சென்னை எழும்பூரிலிருந்து கொல்லம் மெயில் இரவெல்லாம் ஓடி வந்து இந்த மலையைத் தாண்டித்தான் கடற்கரைக்குப் போனது. செங்கோட்டையில் பிறந்த வாஞ்சிநாதன் மலை தாண்டிப் புனலூரில் வனத்துறை வேலை பார்த்தார் என்பதும், 1911-ல் அவர் மணியாச்சியில் திருநெல்வேலி கலெக்டர் ஆஷைச் சுட்டார் என்பதும் இந்த வழியின் வரலாற்றோடு சேர்ந்தவை.

பாதையின் மிகக் கடினமான பகுதி புனலூருக்கும் செங்கோட்டைக்கும் இடைப்பட்ட 49 கிலோமீட்டர். மேட்டில் ஏறும்போது ஒரு இன்ஜின் முன்னால் இழுக்க, மற்றொன்று பின்னாலிருந்து தள்ளும். ஆரியங்காவுக்கும் பகவதிபுரத்துக்கும் நடுவே மலையைக் குடைந்து சுரங்கம் போட்டார்கள். கழுதுருட்டி அருகே இரு மலைச்சரிவுகளுக்கு நடுவே இருந்த பள்ளத்தைத் தாண்ட எழுந்ததுதான் பதின்மூன்று கண் பாலம். கல்லைக் கல்மேல் அடுக்கிய வளைவுகள். வளைவில் ஒவ்வொரு கல்லும் பக்கத்துக் கல்லை நெருக்கிப் பிடிப்பதால், மேலே பாரம் ஏறினால் கற்கள் இன்னும் இறுகும். மலையிலேயே கிடைக்கும் கருங்கல் இதற்குப் போதும். தேசிய நெடுஞ்சாலையில் பஸ்ஸில் போகிறவர்கள் கழுத்தை வளைத்துப் பார்க்கும் உயரத்தில், சாலைக்கு இணையாக அந்தக் கண்கள் வரிசையாக நிற்கின்றன.

2010 செப்டம்பரில் மீட்டர் கேஜ் ரயில் நின்றது. ஏறத்தாழ எட்டு ஆண்டு வேலைக்குப் பின், 2018 ஜூனில் அகலப்பாதை முறையாகத் தொடங்கிவைக்கப்பட்டது. பழைய பாலத்தை இடித்துப் புதிதாகக் கட்டுவது எளிய வழியாக இருந்திருக்கும். அப்படிச் செய்யாமல் பழைய வளைவுகளையே வலுப்படுத்தி அகலப்பாதை ரயிலைத் தாங்க வைத்தார்கள். நூறாண்டுக்கு முன் அடுக்கிய கல் இன்று அதைவிடக் கனமான ரயிலைச் சுமக்கிறது. பழமையைக் காப்பதற்கு இரண்டு முறைகளை இந்த வழி நமக்குக் காட்டுகிறது. புனலூரில் பாலத்தை வேலையிலிருந்து விடுவித்துக் காத்தார்கள்; கழுதுருட்டியில் வேலை கொடுத்தே காத்தார்கள். எது சரி என்பதை ஒவ்வொரு சின்னத்தின் இயல்பும் தீர்மானிக்க வேண்டும். சங்கிலிக்கு ஓய்வு தேவைப்பட்டது. கல் வளைவுக்கு வலுவூட்டல் போதுமாக இருந்தது.

இரு பக்கத்துக்கும் பொதுவான தெய்வங்கள்

வணிகம் போன வழியில் தெய்வக் கதைகளும் போயின. ஆரியங்காவு சாஸ்தா கோயில், ஐயப்ப வழிபாட்டில் சிறப்பாகச் சொல்லப்படும் ஐந்து சாஸ்தா தலங்களில் ஒன்று. மதுரையைச் சேர்ந்த சௌராஷ்டிரப் பட்டு வணிகர் ஒருவர் திருவிதாங்கூருக்குப் பட்டு விற்கப் புறப்பட்டார். காட்டுவழிக்கு அஞ்சி, கூட வந்த மகள் புஷ்கலாவை ஆரியங்காவில் விட்டுச் சென்றார். வழியில் யானை துரத்த, வேடன் உருவில் வந்த ஐயன் அவரைக் காத்தார். பின்பு அந்தப் பெண்ணையே மணந்தார். இது தலவரலாறு. இன்றும் ஒவ்வோர் ஆண்டும் மார்கழியில் நடக்கும் திருக்கல்யாணத்துக்கு மதுரைச் சௌராஷ்டிர மக்கள் பெண்வீட்டாராகச் சீர்வரிசையோடு மலையேறி வருகிறார்கள். மாப்பிள்ளை வீட்டாராகக் கேரளத்தார் அவர்களை எதிர்கொள்கிறார்கள். கணவாய் வழியே நடந்த பட்டு வணிகத்தின் நினைவு, சம்பந்தி உறவாக மாறி ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுகிறது.

அச்சன்கோவில் சாஸ்தாவின் கதையும் இப்படித்தான். கோயில் இருப்பது கேரளத்தில். திருவாபரணங்கள் வைத்திருப்பது புனலூரில். ஆனால் மார்கழி உற்சவத்துக்கு அந்த ஆபரணப் பெட்டி புனலூரிலிருந்து ஆரியங்காவு, செங்கோட்டை, தென்காசி என்று தமிழ்நாட்டுக்குள் வந்து, திரும்ப மலையேறி அச்சன்கோவிலுக்குப் போகிறது. தென்காசி காசி விசுவநாதர் கோயில் முன் மக்கள் திரண்டு நின்று அதை வரவேற்கிறார்கள். 1956 நவம்பர் 1 அன்று செங்கோட்டை தமிழகத்தோடு இணைந்தபோது எல்லைக்கோடு மாறியது. ஆபரணப் பெட்டி போகும் வழி மாறவில்லை.

யார் பொறுப்பு?

அருவி, பாலம், கோயில் மூன்றையும் கணவாய் ஒன்றாகத் தந்தது. நிர்வாகம் மட்டும் அவற்றைத் துண்டு துண்டாகப் பார்க்கிறது. பேரருவிப் பகுதி பேரூராட்சியிடம், மேலுள்ள அருவிகளும் காடும் வனத்துறையிடம், குற்றாலநாதர் கோயிலும் சித்திர சபையும் இந்து சமய அறநிலையத் துறையிடம், பதின்மூன்று கண் பாலம் ரயில்வேயிடம், புனலூர்ப் பாலம் கேரளத் தொல்லியல் துறையிடம், ஆரியங்காவுக் கோயில் திருவிதாங்கூர் தேவசம் போர்டிடம் இருக்கின்றன. ஒவ்வொரு துறைக்கும் அதன் வேலையில் திறமை உண்டு. மொத்தத்தையும் சேர்த்துப் பார்க்கும் கண் ஒன்றுதான் இல்லை.

சேர்த்துப் பார்த்தால்தான் சில உண்மைகள் தெரியும். அருவியைக் காக்க எண்ணெய், சோப்பு, ஷாம்பு ஆகியவற்றுக்கு நீதிமன்றம் தடை விதித்தது மிக நல்லது. ஆனால் அருவியின் ஆயுள் மேலுள்ள காட்டில்தான் இருக்கிறது. கட்டுமானச் சரக்கை ஏற்றிப் புளியரை வழியே கேரளத்துக்கு ஓயாமல் ஓடும் கனரக லாரிகளைப் பற்றித் தென்காசி மக்கள் பலமுறை குரல் எழுப்பியிருக்கிறார்கள். அந்த ஓட்டம் ஒரே நேரத்தில் கிழக்கே குன்றுகளைக் கரைக்கிறது, மலைச்சாலையைச் சிதைக்கிறது, யானை வழியை இன்னும் நெருக்குகிறது. அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகம் 2016-ல் யுனெஸ்கோவின் உலக வலையமைப்பில் இடம்பெற்றது. கணவாய்க்கு மேற்கே செந்துருணி வனவிலங்குச் சரணாலயம் இருக்கிறது. இந்தப் பாதுகாப்புகளின் பலன் கணவாயின் வாய்ப்பகுதிக்கும் எட்ட வேண்டும்.

செய்ய வேண்டியவை எட்டாத காரியங்கள் அல்ல. மேல்மலையில் மழையையும் நீர்மட்டத்தையும் அளந்து, அடிவாரத்தில் குளிப்பவர்களுக்கு நேரத்தோடு எச்சரிக்கை கொடுக்கும் ஏற்பாடு எல்லா அருவிகளுக்கும் நிலையாக இருக்க வேண்டும். அருவி வாசலிலேயே கடையும் வாகனமும் நெருங்குவதைத் தளர்த்தி, பாலருவியில் செய்திருப்பதுபோல் பார்வையாளர்களை ஒழுங்குபடுத்தலாம். சித்திர சபையின் சுவர்களில் ஈரப்பதத்தை ஆண்டு முழுவதும் கண்காணிக்கலாம். கழுதுருட்டிப் பாலத்தின் வளைவுகளை வெறும் ரயில்வே உடைமையாக மட்டும் கருதாமல் பொறியியல் மரபுச் சின்னமாக அறிவிக்கலாம். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, இரு மாநிலத்துத் துறைகளும் ஒன்றாக உட்கார்ந்து பேசும் நிலையான ஏற்பாடு ஒன்று வேண்டும். ஆபரணப் பெட்டியின் பயணத்துக்கு ஆண்டுதோறும் இரு மாநிலக் காவல்துறையும் சேர்ந்து நடக்க முடிகிறதென்றால், காட்டுக்கும் ஆற்றுக்கும் அது முடியாதது அல்ல.

பதினைந்தாம் நூற்றாண்டில் தென்காசிக் கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியன், அக்கோயிலுக்குப் பிற்காலத்தில் குறை வந்தால் அதைச் சீர்செய்து காப்பவர்களின் பாதங்களைத் தான் பணிவதாகக் கல்லில் எழுதிவைத்தான். சிதைந்துபோன அதன் ராஜகோபுரத்தைப் பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு மீண்டும் எழுப்பி, 1990-ல் குடமுழுக்குச் செய்தார்கள். கட்டுகிறவனைவிடக் காக்கிறவன் பெரியவன் என்று ஓர் அரசனே இந்த மலையடிவாரத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறான். அந்த மரியாதை கோயிலுக்கு மட்டும் உரியதன்று. அருவிக்குத் தண்ணீர் தரும் காட்டைக் காக்கும் வனக்காவலருக்கும், வளைவுக் கற்களுக்கிடையே முளைக்கும் ஆலங்கன்றைப் பிடுங்கும் ரயில்வே தொழிலாளருக்கும், சபைச் சுவரில் பாசி படராமல் பார்த்துக்கொள்பவருக்கும் அது உரியது. அவர்களை ஒரே வேலையின் பங்காளிகளாக நாம் மதித்து, அதற்கேற்ற பணத்தையும் அதிகாரத்தையும் கொடுத்தால், செங்கோட்டைக் கணவாய் தந்த மூன்றும் அடுத்த தலைமுறைக்கு முழுமையாகப் போய்ச் சேரும்.